கிணற்றுத் தண்ணீருக்குக் காபன் வடிகட்டி: எது போகும், எது போகாது, எப்படி அமைப்பது

மாரி வெள்ளம் வடிந்து, கிணற்றை இறைத்து, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்ன அளவில் குளோரின் தூளும் போட்டாயிற்று. ஆனாலும் இலை அழுகிய மணம் போகவில்லை. அதற்கு மேல் குளோரின் நெடி வேறு. தை மாதத்தில், இலங்கையின் கிழக்கே காத்தான்குடி தொடங்கித் திருக்கோவில் வரை கரையோர வீடுகளில் கேட்கிற முறைப்பாடு இது. மணம், குளோரின் இரண்டுக்கும் காபன் நல்ல மருந்து. அதே கிணற்றில் உப்போ கிருமியோ இருந்தால் காபன் அவற்றைத் தொடாது. காபன் போட்ட பெரும்பாலான வடிகட்டிகள் ஏமாற்றுவதற்குக் காரணம் மட்டமான காபன் என்று சொல்லிவிட முடியாது. தவறான தண்ணீருக்குப் போடுகிறார்கள், அல்லது தண்ணீரை மிக வேகமாக விடுகிறார்கள்.

கடையில் ‘அக்டிவேட்டட் காபன்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். இங்கே சுருக்கமாகக் காபன் என்றே எழுதுகிறோம்.

கரி வேறு, காபன் வேறு

சிரட்டையைக் காற்று அதிகம் புகாமல் சுட்டால் கிடைப்பது சிரட்டைக்கரி. அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோடு மறுபடி சுடுகிறார்கள். நீராவி கரியை உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டு போக, எண்ணிலடங்காத நுண்துளைகள் திறக்கின்றன. சிரட்டைக் காபனில் அவற்றின் பெரும்பகுதி 2 நானோமீற்றரிலும் சிறியவை. ஒரு கிராம் நல்ல காபனின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீற்றர், அதாவது நாற்பது பேர்ச் வளவு ஒன்று. மணமும் நிறமும் தருகிற பொருள்கள் இந்தப் பரப்பில்தான் ஒட்டிக்கொள்கின்றன. குளோரினோடு நடப்பது வேறு: அது காபனோடு தாக்கமுற்று வெறும் குளோரைட்டாக மாறிவிடும். ஆகவே மணத்தைப் பிடிக்கும் திறன் முடிந்த பிறகும் காபன் குளோரினை நீக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பிறகு திரும்பவும் சொல்ல வேண்டி வரும்.

வீட்டு அடுப்புக்கரியைத் தூளாக்கித் தேசிப்புளியில் ஊற வைத்துச் சுட்டால் காபன் ஆகும் என்று ஒரு முறை இணையத்தில் சுற்றுகிறது. அதில் உட்பரப்பு கொஞ்சம் கூடலாம்; எவ்வளவு கூடியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. குடிதண்ணீருக்கு அதை நம்ப வேண்டாம். நீராவியும் 800 பாகையும் வீட்டு அடுப்பில் சாத்தியமில்லை. தென்னை நிறைந்த நாடு என்பதால் சிரட்டைக் காபன் இங்கேயே தயாராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது, வாங்கிவிடுவதே மலிவு.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

காபன் நன்றாக எடுப்பவை: குளோரின், குளோரின் போட்டபின் உண்டாகும் கூட்டுப்பொருள்கள், மண் மணம், இலை அழுகிய மணம், பூச்சிநாசினிகளில் பல, மண்ணெண்ணெய் டீசல் மணம். தேத்தண்ணி போல மஞ்சளோடிய சதுப்புத் தண்ணீரின் நிறத்தை ஓரளவுதான் எடுக்கும். அந்த மூலக்கூறுகள் பெரியவை, சிரட்டைக் காபனின் துளைகளோ சிறியவை. கிளைபோசேற்று போலத் தண்ணீரில் மிக எளிதாகக் கரையும் களைநாசினிகள் சரியாக ஒட்டுவதில்லை. சம்மாந்துறை, நாவிதன்வெளிப் பக்கத்து வயலோரக் கிணறுகளுக்குக் காபன் போட்டுவிட்டோம், இனிப் பயமில்லை என்று இருந்துவிடக் கூடாது.

எடுக்காதவை: உப்பு, கடினத்தன்மை (கேத்தலில் வெள்ளையாகப் படிவது), புளோரைட்டு, நைத்திரேற்று, கிருமிகள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கரையோர மணலில் நன்னீர் என்பது உவர்நீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய படை. மோட்டர் போட்டு அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும். 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் உவர் கூடியதும் இதனால்தான். வாய்க்கு உப்புக் கரிக்கிற தண்ணீருக்கு, மெல்லிய சவ்வால் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும், காபனை எத்தனை கிலோ போட்டாலும் பயனில்லை.

நைத்திரேற்று அதைவிட மோசம், ஏனென்றால் அது வாய்க்குத் தெரியாது. வீடுகள் நெருங்கிய இடங்களில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுக் குறையாது. தண்ணீர் ஆவியாவதால் கொஞ்சம் கூடும். வீட்டில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் முதலில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்படிக் கொடுப்பது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்திலோ கேட்கலாம்.

இரும்பைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணியில் அரைக் கோப்பை கிணற்றுத் தண்ணீரை ஊற்றுங்கள். சிவப்பு மாறி ஊதா கலந்த கறுப்பாக, மை கரைத்தது போல வந்தால் இரும்பு இருக்கிறது. தேயிலையின் தனினும் இரும்பும் சேர்ந்து வரும் நிறம் அது. இன்னொரு அடையாளம்: இறைத்தவுடன் தெளிவாக இருந்த வாளித் தண்ணீர் மறுநாள் காலையில் காவி நிறமாகி, அடியில் துருப் படிந்திருக்கும். இப்படிப்பட்ட தண்ணீரை நேரே காபனுக்குள் விட்டால் துரு ஒவ்வொரு மணியையும் மூடிக்கொள்ளும். சில வாரங்களில் காபன் வெறும் கல்லாகிவிடும்.

இரும்பும் கலங்கலும் முன்னாலேயே போக வேண்டும்

அடியில் துளையிட்ட மூன்று பிளாஸ்டிக் கூடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் 30 சென்டிமீற்றர் இடைவெளி விட்டுத் தொங்க விடுங்கள். தண்ணீர் மேலிருந்து மழைபோல இறங்கும்போது காற்றோடு கலந்து இரும்பு துருவாக மாறத் தொடங்கும். அழுகிய முட்டை மணம் இருந்தால் அதில் பெரும்பகுதியும் இங்கேயே பறந்துவிடும். கீழே ஒரு பரலில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள்.

தெளிந்த தண்ணீர் அடுத்து மணற்பரலுக்குப் போகும். 200 லீட்டர் நீலப் பரல் போதும். உணவுப்பொருள் வந்த பரலா என்று கேட்டு வாங்குங்கள். இரசாயனம் வந்த பரலைக் கழுவினாலும் பிளாஸ்டிக்குக்குள் ஊறியது போகாது. அடியில் 15 சென்டிமீற்றர் சல்லி, அதன்மேல் 50 சென்டிமீற்றர் கழுவிய ஆற்று மணல். கடல் மணல் வேண்டாம். அதில் உப்பும் இருக்கும், சிப்பித் தூளும் இருக்கும்; சிப்பி கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டும். ஒரு பிடி மணலில் வினாகிரி ஊற்றிப் பாருங்கள், நுரைத்தால் சிப்பி கலந்திருக்கிறது.

பரலின் வெளிக்குழாயை அடியிலிருந்து எடுத்து, மணல் மட்டத்துக்கு 5 சென்டிமீற்றர் மேலே உயர்த்தி வளையுங்கள். அப்போது மணல் ஒருபோதும் காயாது. பரலை 60 சென்டிமீற்றர் உயர மேடையில் வைத்தால், அதன் வெளிவாய் பின்னால் சொல்லும் காபன் குழாயின் தலையைவிட உயரமாக இருக்கும். தண்ணீர் தானாகவே இறங்கும், மோட்டர் தேவையில்லை.

குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டுக்கு இவ்வளவும் தேவையில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுக் குளோரினோடு வருகிறது. குளோரின் நெடி மட்டும் பிரச்சினை என்றால் சுவரில் மாட்டும் 10 அங்குலக் காட்ரிஜ் ஒன்றே போதும். அதற்குள் இருக்கும் காபன் ஏறத்தாழ அரை லீட்டர். குளோரினுக்குச் சில பத்துச் செக்கன்கள் போதுமென்பதால் அது சமாளிக்கும். பூச்சிநாசினிக்கு அந்த அளவு நேரம் போதாது.

வாங்கும்போது

நீராவியில் தயாரித்த சிரட்டைக் காபன், மணி அளவு 12×40 என்று கேளுங்கள். மணிகள் 0.4 முதல் 1.7 மில்லிமீற்றர் வரை இருக்கும். 8×30 கொஞ்சம் பெரியது, அதுவும் பரவாயில்லை. 4×8 என்பது பெரும்பாலும் காற்றுச் சுத்திகரிப்புக்கு. தண்ணீருக்கு எடுத்தால் மணியின் உள்ளே போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். தூள் காபன் குழாயில் நிரப்ப ஆகாது, அடைத்துக்கொள்ளும். பையில் அயடீன் எண் எழுதியிருக்கும்: 1000க்கு மேல் இருந்தால் நல்லது, 900க்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு கிராம் காபன் எத்தனை மில்லிகிராம் அயடீனைப் பிடிக்கும் என்பதைச் சொல்கிற எண் அது.

எழுத்தை நம்ப முடியாதபோது இரண்டு சோதனைகள். ஒரு தேக்கரண்டி காபனைக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். நல்ல காபன் சீறும். மணிகளிலிருந்து சரம் சரமாகக் குமிழி கிளம்பிச் சில நிமிடங்களுக்கு நிற்காது, பிறகு மணிகள் அடியில் தங்கும். வெறும் கரி பெரும்பாலும் மேலே மிதக்கும், குமிழியும் சொற்பம். அடுத்தது, வளர்ப்பு மீன் கடையில் பூஞ்சண மருந்தாக விற்கும் மெதிலீன் நீலம். இரண்டு போத்தல்களில் 100 மில்லிலீட்டர் தண்ணீர் எடுத்து, ஒன்றில் அரைக் கிராம் காபனையும் மற்றதில் அரைக் கிராம் அடுப்புக்கரியையும் மாவாக இடித்துப் போடுங்கள். மருந்தை 1 மில்லிலீட்டராக விட்டு, ஐந்து நிமிடம் குலுக்கி, தெளிய விட்டுப் பாருங்கள். நீலம் நிலைத்து நிற்கும்வரை இதைத் தொடருங்கள். காபன் அடுப்புக்கரியைவிடப் பல மடங்கு நீலத்தை விழுங்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக நின்றால் உங்களுக்கு விற்றது கரி.

கடையில் பை எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். தின்னர், பெயின்ட், மண்ணெண்ணெய் வைத்திருக்கும் மூலையில் வாய் பிரிந்து கிடந்த காபன் அந்த ஆவியையெல்லாம் ஏற்கெனவே குடித்திருக்கும். காற்றிலிருந்து பிடிப்பதும் காபனின் வேலைதான். அது உங்கள் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காது.

பொதுவாக 25 கிலோப் பையாகத்தான் வரும். கீழே சொல்லும் வடிகட்டிக்கு 6 கிலோ தேவை. நாலு வீட்டார் சேர்ந்து வாங்கினால் சரியாக இருக்கும்.

குழாய் அமைப்பு

இந்த அளவு ஐந்தாறு பேருள்ள வீட்டின் குடிப்புக்கும் சமையலுக்கும் போதும். குளிக்கவும் துவைக்கவும் இதைக் கேட்காதீர்கள்.

தேவையானவை:
- 160 மில்லிமீற்றர் பி.வி.சி. தண்ணீர்க் குழாய், 1.1 மீற்றர்
- அதற்கு அடிமூடி ஒன்று. மேலே ஒட்டாமல் வைக்க மூடி ஒன்று
- 20 மில்லிமீற்றர் குழாய் 2 மீற்றர், எல்போ, டீ, போல் வால்வு மூன்று, டாங்கி கொனெக்டர் ஒன்று
- 32 மில்லிமீற்றர் டாங்கி கொனெக்டர் ஒன்று, வழிவாய்க்கு
- கழுவிய சல்லி மூன்று அளவில்: 6–10, 3–6, 1.5–3 மில்லிமீற்றர்
- காபன் 6 கிலோ

அடிமூடிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் 20 மில்லிமீற்றர் கொனெக்டரைப் பொருத்துங்கள். உள்ளே 12 சென்டிமீற்றர் குழாய்த்துண்டு ஒன்று, முனை மூடியது; அதன் கீழ்ப்புறத்தில் இரும்பு வாளால் அரைச் சென்டிமீற்றருக்கு ஒன்றாகக் கீறல்கள். வெளியே டீ. டீயின் ஒரு பக்கம் மேலே ஏறும் வெளிக்குழாய், மறுபக்கம் பின்கழுவலுக்கு, அதாவது அடியிலிருந்து மேல்நோக்கிக் கழுவுவதற்கு, தண்ணீர் விடும் வாய். இரண்டிலும் ஒவ்வொரு வால்வு. மூன்றாவது வால்வு மணற்பரலின் வாயில். மேலே, விளிம்புக்கு 5 சென்டிமீற்றர் கீழே 32 மில்லிமீற்றர் வழிவாய்.

வெளிக்குழாயில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அது குழாயின் அடியிலிருந்து 78 சென்டிமீற்றர் வரை ஏறி, பிறகு குடத்துக்கு வளைய வேண்டும். காபனின் மேல்மட்டம் அதற்குக் கீழே இருக்கும். அந்த உச்சி வளைவில் எல்போ போடாமல் டீ போட்டு, மேல்வாயைத் திறந்தே விடுங்கள். அடைத்துவிட்டால் தண்ணீர் இழுவையெடுத்து, மேலே வரவு நின்றதும் காபனைக் காய வைக்கும். காய்ந்த காபனில் காற்றுப் பாக்கெட் உண்டாகி, அடுத்த தடவை தண்ணீர் ஒரு பக்க இடுக்கால் மட்டும் ஓடும். திறந்த வாயில் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கட்டிவிடுங்கள்.

பைப் கம் பூசியபின் ஒரு முழு நாள் காற்றாட விடுங்கள். அதன் மணம் போகுமுன் காபனைப் போட்டால் முதல் வேலையாக அந்தக் கரைப்பானைத்தான் பிடிக்கும். நிரம்பிய குழாய் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். சுவரில் இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், பிள்ளைகள் உள்ள வீட்டில் இது முக்கியம்.

கழுவி நிரப்புதல்

காபனை வெளித் திண்ணையில், காற்றடிக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அளந்தெடுங்கள். 2 கிலோ வீதம் 20 லீட்டர் வாளியில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கையால் அளைந்து, மேலே வருகிற கறுப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். அழுத்திப் பிசைய வேண்டாம், மணி உடைந்து புதிய தூள் உண்டாகும். முதல் தண்ணீர் மை போல இருக்கும்; ஆறேழு தடவையில் வாளியின் அடி மங்கலாகத் தெரியத் தொடங்கும். அவ்வளவு போதும், மிச்சத்தைப் பின்கழுவல் பார்த்துக்கொள்ளும்.

பிறகு 24 மணிநேரம் ஊறவிடுங்கள். இதைத் தவிர்க்க முடியாது. துளைக்குள் இருக்கும் காற்று வெளியேறாமல் தண்ணீர் உள்ளே போகாது. ஊறாத காபனில் பாதித் துளைகள் வேலை செய்யாது, மணிகளும் பின்கழுவலில் மிதந்து வழிவாயால் போய்விடும். அவசரமென்றால் கொதிதண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று மணிநேரம் வைக்கலாம். அதை வாளியிலேயே செய்யுங்கள், பி.வி.சி. 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும்.

குழாயின் அடியில் பெரிய சல்லி 5, நடுத்தரம் 3, சிறியது 3 சென்டிமீற்றர். அதன்மேல் பாதிவரை தண்ணீர் நிரப்பி, ஊறிய காபனை அகப்பையால் தண்ணீருக்குள் இறக்குங்கள். உலர்ந்த குழாயில் கொட்டினால் காற்று இடையில் மாட்டும். காபன் 60 சென்டிமீற்றர் உயரம் வந்தால் கணக்குச் சரி: கொள்ளளவு ஏறத்தாழ 10.6 லீட்டர், உலர் எடையில் 5.3 கிலோ. மீதி தூளாகப் போயிருக்கும்.

இனிப் பின்கழுவல். வெளிக்குழாய் வால்வைப் பூட்டி, கூரைத் தாங்கியிலிருந்து ஒரு ஹோஸ் குழாயை டீயின் மறுவாயில் மாட்டி மெதுவாகத் திறவுங்கள். நிமிடத்துக்கு 7 லீட்டர் அளவு, அதாவது 20 லீட்டர் வாளி மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நிரம்பும் வேகம். காபன் படுக்கை மெல்ல உயர்ந்து 12 முதல் 18 சென்டிமீற்றர் மிதக்க வேண்டும். வழிவாயில் மணிகள் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். கறுப்புத் தூள் மட்டும் வந்தால் சரி. பத்து நிமிடம் விட்டு நிறுத்தி, மணிகள் தாமாகப் படிய விடுங்கள். கலங்கிய கிணற்றுத் தண்ணீரால் பின்கழுவ வேண்டாம், சேறு அடிச்சல்லியில் போய்த் தங்கும்.

முதல் 50 லீட்டர் வடிநீரைக் கொட்டிவிடுங்கள். காபனில் உள்ள சாம்பலால் அது கொஞ்சம் காரமாக இருக்கும், நாக்கில் சவர்க்காரம் போல வழுக்கும்.

வேகம்தான் எல்லாம்

காபனின் கொள்ளளவை நிமிடத்துக்கு ஓடும் தண்ணீரால் வகுத்தால், தண்ணீர் அங்கே தங்கும் நேரம் கிடைக்கும். 10.6 லீட்டர் காபனில் நிமிடத்துக்கு 1 லீட்டர் விட்டால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். மணத்துக்கும் பூச்சிநாசினிக்கும் அந்த நேரம் தேவை. நிமிடத்துக்கு 5 லீட்டர் விட்டால் தங்குவது இரண்டு நிமிடம்தான். குளோரின் போகும், மண் மணம் தங்கும்.

மணற்பரல் நிறைந்திருக்கும்போது அதன் வாயிலுள்ள வால்வைச் சரி செய்யுங்கள்: ஒரு லீட்டர் போத்தல் நிரம்ப 60 செக்கன். அந்த இடத்தில் கைப்பிடிக்கு நிறப் பேனாவால் கோடு போடுங்கள். குடம் நிரம்பத் தாமதமாகிறதென்று யாராவது திறந்துவிடுவது நிச்சயம் நடக்கும். கோடு இருந்தால் திருப்பி வைக்கலாம். மணிக்கு 60 லீட்டர் வரும். இதே வேகம் 200 லீட்டர் மணற்பரலுக்கும் பொருந்தும்.

கிருமி

காபன் கிருமியைக் கொல்லாது. கொல்வதற்கு இருந்த குளோரினையும் எடுத்துவிட்டு, 30 பாகைத் தண்ணீரில் கிருமி வளர ஆயிரமாயிரம் இடுக்குகளைக் கொடுக்கும். ஆகவே காபனுக்குப் பிறகு கொதிக்க வைப்பது கட்டாயம். நன்றாகக் குமிழியெழக் கொதித்து ஒரு நிமிடம் கடந்தால் போதும்.

விறகோ எரிவாயுவோ இல்லாத வெள்ள நாட்களில் குளோரின் விடலாம். 30 வீதக் குளோரின் தூள் 33 கிராமை ஒரு லீட்டர் தண்ணீரில் கலக்கித் தெளிய விட்டால் மேலே நிற்பது 1 வீதக் கரைசல். அதன் ஒரு மில்லிலீட்டரில் 10 மில்லிகிராம் குளோரின். காபனில் வடித்த 20 லீட்டருக்கு 2 மில்லிலீட்டர் விட்டுக் கலக்கி, அரை மணிநேரம் மூடி வையுங்கள். பிறகு முகர்ந்தால் மெல்லிய குளோரின் மணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் 2 மில்லிலீட்டர். காபன் அழுக்கை எடுத்துவிட்டதால் இவ்வளவு குறைந்த அளவு போதுமாகிறது. கரைசலை வெயில் படாத போத்தலில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், வீரியம் போய்விடும். தூளைக் கையாளும்போது அமிலமோ வேறு கழுவு திரவமோ அருகில் வேண்டாம்.

எது பிழையாகும், ஏன்

குழாயில் தண்ணீர்மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் காபனின் மேற்பரப்பு அடைக்கிறது. ஏற்கெனவே நின்ற மட்டத்திலிருந்து 10 சென்டிமீற்றர் ஏறியதும் பின்கழுவுங்கள். சாதாரணமாக மாதம் ஒரு தடவை வரும். வாரம் ஒரு தடவை வந்தால் பிழை காபனில் இல்லை, மணற்பரலில். மேல்மணலை இரண்டு விரல் ஆழம் சுரண்டிக் கழுவிப் போடுங்கள்.

வடிநீரில் அழுகிய முட்டை மணம்: தண்ணீர் ஓடாமல் நின்று, ஒட்சிசன் தீர்ந்து, கிருமி வேலை செய்திருக்கிறது. பெருநாளுக்கோ திருவிழாவுக்கோ மூன்று நாலு நாள் வீட்டைப் பூட்டிப் போனால் இது நடக்கும். திரும்பி வந்ததும் பின்கழுவி, முதல் 30 லீட்டரைக் கொட்டிவிட்டுப் பாவியுங்கள். அப்படியும் போகாவிட்டால் காபனை வெளியே எடுத்துக் கிடாரத்தில் அரை மணிநேரம் அவித்துத் திரும்பப் போடலாம். இது கிருமியை மட்டும் கொல்லும். பிடித்து வைத்த பொருள்களை வெளியேற்றிக் காபனைப் புதிதாக்காது. வெயிலில் காய வைப்பதும் அப்படித்தான். உண்மையில் புதுப்பிப்பதற்கு மறுபடி 800 பாகை வேண்டும்.

வெள்ளத்தில் உழவு இயந்திரத்தின் டீசலோ வள்ளத்து மண்ணெண்ணெயோ கிணற்றில் படலமாக மிதந்தால், படலத்தைப் பழந்துணியால் ஒற்றியெடுத்து, கிணற்றை இறைத்துவிட்டுத்தான் காபனுக்கு வர வேண்டும். கரைந்த மணத்தைக் காபன் எடுக்கும். மிதக்கும் எண்ணெய் காபனைப் பூசி மூடிவிடும்.

சாயத் தேத்தண்ணி இன்னும் கறுக்கிறது என்றால் இரும்பு மணலைத் தாண்டி வருகிறது. கூடைகளின் துளையைச் சிறிதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள், தெளியவிடும் நேரத்தையும் கூட்டுங்கள்.

பள்ளிக்கூடம், ஹோட்டல், பள்ளிவாசல் போன்ற இடங்களில் ஆள் இறங்கும் அளவு காபன் தாங்கி இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஈரக் காபன் தாங்கிக்குள் இருக்கும் காற்றின் ஒட்சிசனை உறிஞ்சும். உள்ளே இறங்குபவருக்கு மணமோ புகையோ எதுவும் தெரியாமலே மயக்கம் வரும். காற்றடித்து, வெளியே ஆள் நிற்காமல் எவரையும் இறக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது

குளோரின் நெடி திரும்ப வந்தால் மாற்றலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். முன்னே சொன்னது இங்கே வருகிறது: குளோரின் காபனைக் கடந்து வரும் நாளில், பூச்சிநாசினியும் மணமும் எப்போதோ கடந்து வரத் தொடங்கியிருக்கும். நாளுக்கு 60 லீட்டர் ஓடினால் வருடத்துக்கு 22,000 லீட்டர் அளவு. காபனின் கொள்ளளவைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. இலை, சேறு அதிகமுள்ள மேற்பரப்புக் கிணற்றுக்கு அதுவே எல்லையாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை, மாரி முடிந்து கிணறு தெளிந்த மாசி மாதத்தில் மாற்றுங்கள். வெள்ளத்துக்கு முன்னர் புதிதாகப் போட்டால் அந்த ஒரு மாதச் சேறே பாதியைத் தின்றுவிடும். குழாயில் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.

எடுத்த பழைய காபனைப் பூமரங்களின் அடியில் புதைக்கலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். ஒரு வருடமாக உங்கள் கிணற்றிலிருந்து அது என்னென்ன பிடித்தது என்பது தெரியாது.